ஃபைவெல் பார்த்து வந்த கம்பி

எங்கள் ஊரைச் சுற்றிக் கம்பத்துக்குக் கம்பம் ஒரு கம்பி ஓடியது. அது அறுபடாதவரை ஊர் முழுவதும் ஒரே வீடு என்று கணக்கு. யூதர்களான நாங்கள் சனிக்கிழமை ஓய்வு நாளில் வீட்டுக்கு வெளியே எதையும் சுமக்கக் கூடாது; கம்பி இருந்தால் பொருளையோ ஆளையோ வீதியில் தூக்கிப் போகலாம். அறுந்துவிட்டால் கைக்குட்டைகூடக் கூடாது.

வெள்ளிக்கிழமைகளில் அது அறுந்திருக்கிறதா என்று பார்த்து வந்தவன் ஃபைவெல். ஜன்னல்களுக்குக் கண்ணாடி பதிப்பவன். அவன் மனைவி பாஸ்யாவுக்குப் பிரசவத்தோடு கால்கள் போயின, குழந்தையும் தங்கவில்லை. சனிக்கிழமைகளில் அவளை முதுகில் சுமந்து, அவள் தங்கை ஷிஃப்ரா வீட்டில் விடுவான். கம்பி அறுந்த வாரங்களில் பாஸ்யா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

ஜெர்மானியர்கள் கம்பங்களைப் பிடுங்கி எரித்தார்கள். பிறகு எங்களை மூன்று தெருக்களுக்குள் தள்ளி முள்வேலி போட்டார்கள். ஃபைவெல் இருந்த அறையின் மறுபாதி எனக்கு.

ஒரு சனிக்கிழமை காலை, கடைசித் தெருவில் ஜுரத்தில் கிடந்த ஷிஃப்ரா இன்றைத் தாண்டமாட்டாள் என்று ஓர் ஆள் வந்து சொன்னான்.

"தூக்குங்க," என்றாள் பாஸ்யா.

"கம்பி இல்லையே."

"வெளிய பாருங்க. இடைவெளியில்லாம முள்வேலி கட்டி வச்சிருக்கான். கம்பிக்குப் பதிலா அது செல்லும்னு நம்ம குரு, ரப்பியே சொல்லிட்டாராம்."

"அது நம்ம வேலியா?"

"இத்தனை வருஷம் மழையில நனைஞ்சு முடிச்சு போட்டீங்க. இப்ப ஒருத்தன் துப்பாக்கியோட காவல் நிக்கறான். உங்களைவிடப் பொறுப்பானவன்."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"செல்லும்னு ஒத்துக்கிட்டா, இதை நம்ம வீடுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி, பாஸ்யா."

"ஒத்துக்காட்டி வெளிய விட்டுருவானா? அவ போயிட்டிருக்கா."

அவன் வெளியே போனான். வழக்கம்போல வேலியோரமாக, அண்ணாந்து பார்த்தபடி, ஒரு சுற்று நடந்தான். காவலாளி ஏதோ கத்தினான். திரும்பி வந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக் குந்தினான். முன்பிருந்த அளவு அவள் கனமில்லை. அவனுக்குத்தான் மூச்சு வாங்கியது. படிகளில் நான் பின்னால் பிடித்துக்கொண்டேன்.

ஷிஃப்ராவுக்கு நினைவிருந்தது.

"யாருடி உன்னைத் தூக்கிட்டு வர அனுமதி குடுத்தா?"

"ஜெர்மன்காரன்."

ஷிஃப்ரா சிரித்தாள், இருமினாள். பிறகு அக்காளும் தங்கையும் அம்மாவின் இறகுத் தலையணை யாருக்குச் சேர வேண்டியது என்று மெதுவாகச் சண்டை போட்டார்கள். ஃபைவெல் கதவில் சாய்ந்து நின்றபடியே தூங்கிப்போனான்.

இருட்டுவதற்குள் ஷிஃப்ரா இறந்தாள். எங்கள் வழக்கப்படி ஏழு நாள் துக்கத்துக்கு ஃபைவெலும் பாஸ்யாவும் அங்கேயே தரையில் உட்கார்ந்தார்கள். அதன்பின் பாஸ்யாவைத் திரும்பத் தூக்கி வர அவனுக்குத் தெம்பில்லை. அங்கேயே இருந்துவிட்டார்கள்.

இலையுதிர் காலத்தில் ஜெர்மானியர்கள் அந்தத் தெருவைத்தான் முதலில் காலி செய்து ஆட்களைக் கொண்டுபோனார்கள்.