ஓடிப்போனவருக்கு ஒரு மண்டபம்

அம்மாவின் அப்பா இரண்டாம் உலகப்போரில் குண்டு போடும் விமானத்தில் வயர்லெஸ் பார்த்தவர். பர்மா பக்கம் போன விமானம் திரும்பவில்லை. "காணவில்லை" என்று தந்தி வந்தபோது அம்மா வயிற்றில் இருந்தார்.

செத்துப்போனார் என்று தந்தி சொல்லாதது உசிலம்பட்டிப் பக்கம் இருந்த அவர் தம்பிக்கு வசதியாகப் போயிற்று. அண்ணன் பட்டாளத்தை விட்டு ஓடி ரங்கூனில் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார். ஓடிப்போனவனுக்கு நிலத்தில் பங்கு கிடையாது. அவன் பெண்டாட்டிக்கு வீட்டிலும் இடம் கிடையாது. அவள் கைக்குழந்தையோடு மதுரை செல்லூருக்கு வந்து, தறிக்கூடங்களில் நூல் சுற்றி என் அம்மாவை வளர்த்தாள். பிற்பாடு பட்டாளத்திலிருந்து வந்த தகவல் எதுவும் அவளிடம் போய்ச் சேரவில்லை.

போன வருஷம் அந்தத் தம்பியின் பேரனுக்கு யாரோ போனில் ஒரு படம் காட்டியிருக்கிறார்கள். போரில் இறந்தவர்களின் நினைவுச் சுவர். அதில் என் தாத்தாவின் பெயர். அன்றோடு ஓடிப்போனவர் மாவீரர் ஆகிவிட்டார். அவர் பங்கு நிலத்திலேயே அவர் பெயரில் ஒரு கல்யாண மண்டபம் எழும்பியது.

திறப்பு விழாவுக்கு அழைக்கப் பேரன் காரில் வந்தான். அத்தனை வருஷத்தில் எங்கள் வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை.

"அத்தே, நீங்க மேடையில உக்காரணும். மாவீரரோட மக இல்லாம எப்படி?"

நான் வேண்டாம் என்றேன். அம்மா, "வாரேன்" என்று சொல்லிவிட்டார்.

மண்டப வாசலில் பிரம்மாண்டமான ஃப்ளெக்ஸ். அவர்கள் வீட்டில் அவர் போட்டோ ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் அப்போதே அடுப்பில் போட்டிருந்தார்கள். அதனால் கம்ப்யூட்டரில் ஒரு முகம் செய்து, முறுக்கு மீசை ஒட்டி, பின்னால் இந்தக் காலத்து ஜெட் விமானத்தைப் பறக்கவிட்டிருந்தார்கள். ஓரத்தில், அவரைவிடப் பெரிதாகப் பேரன் கும்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மா அண்ணாந்து பார்த்து, "இது யாருடா?" என்றார்.

மேடையில் ஒவ்வொருவராகத் தொண்டை கிழியப் பேசினார்கள். அந்த ரத்தம்தான் தங்கள் உடம்பில் ஓடுகிறதாம். கடைசியில் அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள்.

"எங்கப்பா ஓடிப்போனவுகன்னு சொல்லித்தான் எங்க ஆத்தாவ இந்த ஊரவிட்டுத் தொரத்துனீக," என்றார் அம்மா. குரல் உயரவே இல்லை. "இங்க இருக்க அம்புட்டுப் பேரு வீட்டுலயும் அதச் சொல்லிச் சிரிச்சீக. இப்ப மட்டும் எப்படி வீரராயிட்டாக?"

மைக் செத்தது. அடுத்த நொடி ஸ்பீக்கரில் தேசபக்திப் பாட்டு அலறியது. பேரன் பல்லைக் காட்டியபடி என்னிடம் வந்து, "மாப்ள, அத்தைக்கு வயசாயிருச்சுல்ல, கூட்டிட்டுப் போங்க. பந்தியில சாப்பிட்டுப் போங்க," என்றான். கூட்டம் ஏற்கெனவே பந்திக்கு நகர்ந்துகொண்டிருந்தது. வீரரை வாழ்த்தி முழங்கியவர்கள் நாற்காலிக்கு முண்டியடித்தார்கள். அம்மா பொன்னாடையை மடித்து மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கினார்.

ஆரப்பாளையம் பஸ்ஸில் திரும்பும்போது அம்மா கேட்டார்.

"அந்த ப்ளேன்ல எங்கப்பா மட்டுமா போனாக?"

"இல்லம்மா, கூட நாலஞ்சு பேரு இருந்திருப்பாங்க."

"நல்லவேள," என்றார். "தனியாப் போகல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

மறுநாள், விழாவுக்காக என்னையும் சேர்த்திருந்த சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது: அம்மா மைக்கைப் பிடித்தபடி. கீழே, 'தந்தையின் புகழைப் பேசி நெகிழ்ந்த மகள்.' வரிசையாகக் கும்பிடும் கைகள், தேசியக்கொடிகள். அவர் பேசியதை நேரில் கேட்டவர்களே அவற்றைப் போட்டிருந்தார்கள். நான் குழுவிலிருந்து வெளியேறினேன்.

மண்டபத்துக்கு இப்போது முகூர்த்த நாள் ஒன்றுகூடக் காலியில்லையாம்.