பெயர் வெட்டிய அண்டா

எங்கள் வீட்டுப் பெரிய பாத்திரங்கள் எல்லாவற்றிலும் என் மனைவியின் பெயரும் ஊரும் வெட்டியிருக்கும். மாரமங்கலம் பக்கத்து ஓடையில் சாராயம் காய்ச்சியவர்கள் போலீஸைக் கண்டு ஓடியபோது, அடுப்பிலேயே விட்டுப்போன அலுமினிய அண்டாவிலும் அந்தப் பெயர்தான் இருந்தது.

போலீஸ் ஊறலை அங்கேயே கொட்டி அழித்துவிட்டு, அண்டாவோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தது. அதை நண்பன் வீட்டுக் காதுகுத்துக்கு இரவல் கொடுத்ததாக என் மகன் சொன்னான். கழுவி வாசலில் வைத்திருந்தோம், யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்றார்கள் நண்பன் வீட்டில். மகனையும் அண்டாவையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஜாமீனில் வந்தான். லாட்ஜில் சமையல் வேலை செய்பவன். கப்பலில் சமையல்காரனாகச் சேரத் தேர்வாகியிருந்தான். கேஸ் முடிந்து சுத்தமாக வந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். "பையனையும் ஓடையையும் சேர்க்கறது அந்த அண்டா ஒண்ணுதானுங்க," என்றார் வக்கீல்.

சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த மறுநாள் விழாக் குழுவின் ஜீப் எங்கள் வாசலில் நின்றது. அன்னதானத்துக்குப் பல இடங்களில் பாத்திரம் வாங்குவார்கள். முடிந்ததும் கழுவி, வெட்டியிருக்கும் பெயரைப் படித்து, அந்தந்த வீட்டில் இறக்கிவிடுவார்கள். அந்த அண்டாவை இறக்கினார்கள்.

"நாங்க கொடுக்கவே இல்லீங்களே," என்றாள் என் மனைவி.

"உங்க பேருதானுங்க அக்கா போட்டிருக்குது," என்றார் டிரைவர். "ஸ்டேஷன்ல சும்மாதான் கெடக்குதுன்னு ரைட்டர் எடுத்துக் கொடுத்தாருங்க. இதுல வெச்ச சாம்பார்தான் நொம்ப நல்லா இருந்துச்சு."

அந்தச் சாம்பாரை நானும் சாப்பிட்டிருந்தேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கியிருந்தேன்.

"ஏனுங்க, இது ஊட்டுல இருந்தா நம்மதான் திருடுனோம்பாங்க. கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துருங்க," என்றாள் மனைவி. பஸ்ஸில் கொண்டுபோனேன். கண்டக்டர் லக்கேஜ் சீட்டு போட்டார்.

ரைட்டர் அண்டாவைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இத எதுக்குங்க சார் இங்க கொண்டாந்தீங்க?"

"கேஸ் அண்டாங்க இது."

"கேஸ் அண்டா உள்ள ரூம்ல இருக்குது."

"இல்லீங்களே. இதுதானுங்க அது."

"வெளிய போயிருந்தாத்தானுங்க உள்ள வரும்? இத நான் வாங்குனா, எப்பிடிப் போச்சுன்னு எழுதணும். எழுதுனா எனக்கு வேலை இருக்காது. டீ சாப்பிடறீங்களா?"

தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று மறுபடியும் சொன்னேன். என் மகனுக்கு எதிரான சாட்சியத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லி நானே கெஞ்சிக்கொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது. டீயைக் குடித்துவிட்டு, அண்டாவோடு அடுத்த பஸ் ஏறினேன்.

சேலம் கோர்ட்டில் நீதிபதி அண்டாவைக் கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். வாய்தா போட்டார். அடுத்த முறையும் தேடிக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த முறை, காணவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். காணாமல் போன பொருள் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தது. கோர்ட் கதவு திறக்கும்போதெல்லாம் யாரோ அதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்றே நினைத்தேன்.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அவனை விடுதலை செய்தார்கள். நான் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

பஸ் ஸ்டாண்டில் அவள் தண்ணீர் வாங்கப் போனபோது மகன் கேட்டான்.

"அப்பா, நீங்க ஒரு தடவகூட என்னக் கேக்கலையே?"

"என்னத்த?"

"நான் காய்ச்சுனனான்னு."

"பஸ் வந்துருச்சு கண்ணு," என்றேன். பஸ் எதுவும் வரவில்லை.

"நான் காய்ச்சலைங்கப்பா."

"செரி," என்றேன்.

இப்போது அவன் கப்பலில் இருக்கிறான். வாரம் தவறாமல் பேசுகிறான். அன்றைக்கு என்ன சமைத்தான் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.