பி.சி. முடிஞ்சதும்மா என்றார்கள்

என் அம்மாவைப் புதைக்க விடவில்லை. இந்தச் சாட்சியை அங்கிருந்துதான் நான் தொடங்க வேண்டும், சகோதர சகோதரிகளே.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மாதம். சோமனூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பா விசைத்தறி ஓட்டினார். அம்மா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போகும்போது ஊர்க்காரர்கள் வழியை மறித்தார்கள். "இந்தப் பாதையில உங்காளுக பொணம் போகக் கூடாதுங்க" என்றார் ஒருவர். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார். போலீஸ் வந்து, கோர்ட் உத்தரவு இருந்தால் காட்டுங்கள் என்றது. மழையில் பெட்டியோடு நின்றோம். கடைசியில் கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் வேறொரு சபையாரிடம் கெஞ்சி, அவர்கள் கல்லறையில் அடக்கம் செய்தோம்.

கோர்ட் உத்தரவு என்றால் எங்கே போய் வாங்குவது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். வக்கீலுக்குப் படிக்க வை ஆண்டவரே என்று அன்றைக்குக் கேட்டேன். அம்மா இல்லாத வீட்டில் சமைத்துவைத்துவிட்டு, தறிச் சத்தத்துக்கு நடுவே படித்தேன். நல்ல மார்க் வந்தது.

சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனேன். அடுத்த அடி அங்கே விழுந்தது. நாங்கள் இருப்பது காலனியில். எங்களை ஊர் நடத்துவதும் அப்படியே. ஆனால் அப்பாவழித் தாத்தா ஞானஸ்நானம் எடுத்துவிட்டதால், நாங்கள் எஸ்.சி. கிடையாதாம். பிற்படுத்தப்பட்டோர், அதாவது பி.சி. என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதியவர் மேல் தப்பில்லை, சட்டமே அப்படி. அம்மாவின் பெட்டியை மறித்தவர்களின் பிள்ளைகளும் பி.சி.தான். பாதையில் நாங்கள் அவர்களுக்குச் சமம் இல்லை. சீட்டுக்கு மட்டும் சமம். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பஸ் வந்து போனதுகூடத் தெரியவில்லை.

அம்மா கல்யாணத்தின்போது கிறிஸ்தவரானவர். அவருடைய அண்ணன், என் மாமா, இந்துவாகவே இருந்தார். எங்கள் மேல் உயிரையே வைத்திருந்தவர். அவர் வந்து சொன்னார்:

"கண்ணு, நாஞ் சொல்றதைக் கேளு. கோயில்ல ஒரு பூசையப் பண்ணி, பேரை மாத்திக்கிட்டா எஸ்.சி. சர்டிபிகேட் வாங்கிப்போடலாம். உன்ற மார்க்குக்கு அதுல சீட்டு நிச்சயம். படிச்சு முடிச்சுப்போட்டு மறுக்கா உங்க சாமியவே கும்புட்டுக்கோ. ஆரு வேண்டாங்கறா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். சபையில் முதல் ஆளாக எழுந்து ஜெபிக்கிற அப்பா அவர். தலையைக் குனிந்துகொண்டு, "பேருதானே அம்மணி. மனசுக்குள்ள இருக்கறதை ஆரு பாக்கப்போறாங்க?" என்றார்.

"அம்மாவ இந்தப் பேரோடதானுங்கப்பா பொதைச்சோம்" என்றேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப்பிறகு என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. பிடிவாதத்தால் நான் என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறேன் என்ற கோபம்.

முழங்காலில் நின்றால் ஜெபம் வராது. "உம்முடைய பேருக்காகத்தானே எனக்கு இந்தக் கதி, நீர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீரா?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துவிடுவேன்.

ஆடி மாதத்தில் கோயமுத்தூருக்குச் சேர்க்கைக்கு அழைத்தார்கள். அப்பா வரவில்லை. தனியாகப் போனேன். முதலில் பொதுப் பிரிவு. சேர்ந்தவர்களின் மார்க்கைப் பலகையில் எழுதிப்போட்டார்கள். அதில் கூப்பிட்ட சிலர் வரவேயில்லை. பிறகு பி.சி. ஒவ்வொரு பெயராகக் கூப்பிடக் கூப்பிட விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். என் பெயர் வந்ததும் ஓடிப்போய் நின்றேன்.

"பி.சி. முடிஞ்சதும்மா" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். சான்றிதழில் எங்கள் சாதியின் பெயரைப் பார்த்துவிட்டு, "எஸ்.சி.ல இடம் இருக்குது. நீங்க எஸ்.சி.யா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார்" என்றேன்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அம்மா இறந்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி, தன் அப்பாவோடு நின்றிருந்தாள். துடியலூர்க்காரி, பெயர் சுதா. "ஏனுங்க அழுகறீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். தனக்குப் பி.சி.யில் கிடைத்துவிட்டதென்று சங்கடத்தோடு சொன்னாள். அவளுடைய மார்க்கையும் சொன்னாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொதுப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் மார்க்குக்கு அடுத்தது அவளுடையது. பொதுப் பிரிவு எல்லோருக்கும் பொது, எந்தச் சாதியானாலும் மார்க் வரிசைப்படிதான் கொடுக்க வேண்டும். வராதவர்களின் இடம் ஒன்று அவளுக்கு வர வேண்டியது. வந்திருந்தால் பி.சி.யில் ஒரு இடம் மிச்சம். ஆனால் கையில் கிடைத்ததை விட்டுவிட்டு வா என்று முன்பின் தெரியாத ஒருத்தியிடம் எந்த வாயால் கேட்பது? ஆண்டவரே, என் நாவை அசைத்தருளும் என்று நினைத்துக்கொண்டு, சொல்லிவிட்டேன்.

அவள் அப்பா பதறினார். "கெடச்சதைக் கெடுத்துக்காத அம்மணி. வா, பஸ்ஸுக்குப் போலாம்."

சுதா அப்பாவின் கையை விலக்கினாள். "இல்லீங்கப்பா. எனக்கு அங்க எடம் இருக்கறப்ப இவங்க எடத்துல நான் எதுக்கு உக்காரோணும்?" என்றவள், என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

மேசைக்காரர் விதியைப் புரட்டிப் பார்த்தார். விசாரித்துத் தகவல் அனுப்புவதாகச் சொன்னார். காத்திருப்போரில் எனக்கு முன்னால் இன்னொருவர் இருக்கிறார், நம்பிக்கை வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார்.

தகவல் வரவில்லை. கல்லூரி திறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மாமா ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சொல்லிவைத்தார், போனேன். தலையெல்லாம் பஞ்சு. மிஷின் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது என்பது ஒன்றுதான் அங்கே எனக்கிருந்த ஆறுதல். சீட்டுக் கேட்பதை நிறுத்திவிட்டேன். அம்மாவை மறித்தது போல நீரும் என்னை மறித்துவிடாதிரும் என்று மட்டும் கேட்டேன். அதைக்கூட நம்பிக்கையோடு கேட்டதாகச் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் வேலை முடிந்து வெளியே வந்தால், மில் கேட்டில் அப்பா சைக்கிளோடு நிற்கிறார். தறியை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். சுதாவுக்குப் பொதுப் பிரிவில் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார்களாம். காத்திருப்போரில் எனக்கு முன்னால் இருந்தவர் இன்ஜினியரிங்குக்குப் போய்விட்டாராம்.

"சீட்டு வந்துபோச்சு அம்மணி. பி.சி.லயே வந்துபோச்சு. உன்ற பேருலயே..." ரோட்டோரத்தில், ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் பார்க்கப் பார்க்க, அப்பாவும் நானும் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னோம்.

நான் வக்கீலாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. எங்களைப் பற்றிய அந்தச் சட்டம் இன்னும் மாறவில்லை. என்னைப்போலவே ஜெபித்த எத்தனையோ பிள்ளைகள் இடம் இல்லாமல் திரும்பிப் போனார்கள். அவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை, எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். எல்லாக் கதவும் அடைத்த அந்த மத்தியானம், தம்முடைய பெயரையே அறியாத ஒரு பெண்ணின் கையை என்னிடம் நீட்டினார் என் தேவன். அவருக்கே மகிமை. முன்பெல்லாம் நான் எனக்காக மட்டுமே அழுவேன். இப்போது மற்றவர் அழுதால் நின்று ஏன் என்று கேட்காமல் போக முடிவதில்லை.

மார்க் ஷீட்டையும் சான்றிதழையும் வைத்துக்கொண்டு கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். உங்களுக்கு நிச்சயம் சீட்டுக் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நம்பிக்கை வரவில்லையே என்று ஜெபத்தை விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். எனக்கும் வரவில்லை, ஆனாலும் அவர் கேட்டார். ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். முதலில் சேர்ந்து முழங்காலில் நிற்போம். அப்புறம் எழுந்து, அந்தச் சேர்க்கை அலுவலகத்துக்கு நானும் உங்களோடு வருகிறேன்.