வெள்ளைச் சுடிதாரில் ஒரு களப்பணி

எங்கள் சமூகப்பணித் துறையின் வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: ‘மக்கள் நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவோம்.’ முதல் களப்பணிக்கு அதை மனப்பாடம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சுடிதாரில், கையில் கேள்விப் படிவத்தோடு கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். போனதோ, மரங்களில் கட்டிய சிரட்டைகளிலிருந்து ரப்பர் பால் எடுக்கும் நேரம்.

“உங்கள் முதன்மையான தேவை என்ன?” என்று பால்வெட்டும் அக்கா ஒருத்தியிடம் வாசித்தேன்.

“இப்போ ஒரு ஆளு வேணும் மக்கா. இந்த வாளியப் பிடி, பால் உறைஞ்சு போவும்.”

பிடித்தேன். மரத்துக்கு மரம் அவள் பின்னால் ஓடினேன். கேள்விகளை அவள்தான் கேட்டாள்: எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர், கல்யாணம் எப்போது. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். சரிவில் வழுக்கி உட்கார்ந்தபோது வாளி கவிழாமல் தப்பியது. துளும்பிய பால் என் பின்னலிலும் படிவத்திலும் அப்பிக்கொண்டது. அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பஸ் ஏறியும் நிற்கவில்லை.

படிவத்தின் தாள்கள் ஒட்டிப் பிரிக்க வரவில்லை. மேல் தாளில் ‘தேவை’ என்ற கட்டத்தில், கிளம்பும்போது அவள் சொன்னதை மட்டும் எழுதித் துறையில் கொடுத்தேன்:

“அடுத்த வாரம் பழைய உடுப்பு போட்டுட்டு வா.”