நானூத்திப் பன்னண்டு பாஸ்

செண்பகம் கட்டுத்துணியை இழுத்து இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். திண்டிவனத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக ஆயா. இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் 'பாஸ்' என்ற ஒரே சொல்லில் அங்கே பாதி வேலை ஓடுகிறது என்பது தெரியும். வாசலில் வாட்ச்மேன் கேட்பது நோயாளியைப் பார்க்க வருகிறவர்களின் அட்டையை. விழுப்புரத்திலிருந்து அவள் பஸ்ஸில் வருவதும் ஒரு பாஸில்தான். ஆபரேஷன் ஆனவர்களிடம் கேட்டால் மட்டும் அது ஒண்ணுக்கு.

எண்பத்தைந்து ஜூனில் ஒருநாள் காலை, ஓமந்தூர் துரைக்கண்ணுவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டால் சிலருக்கு நீர் பிரியாது. சாயங்காலத்துக்குள் பிரியாவிட்டால் டியூப்தான். அதை நினைத்தாலே அவருக்குக் கிலி.

"இன்னொரு வாட்டி வேணாலும் அறுத்துக்குங்க, டியூப் மட்டும் வேணாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நாலு மணிக்கு, வேலைக்குச் சேர்ந்து நாலே நாளான நர்ஸ் சவுரியம்மாள் சார்ட்டோடு வந்தாள்.

"பெரியவரே, பாஸ் ஆச்சா?"

"ஆச்சுங்க சிஸ்டர், மத்தியானமே."

"எவ்ளோ?"

"நானூத்திப் பன்னண்டு."

"அவ்ளோ கரெக்டா சொல்றீங்களே."

"ஒண்ணுகூடக் கொறையாதுங்க."

எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

செண்பகம் குனிந்து கட்டிலுக்கடியில் இருந்த ஜாடியை எடுத்தாள். காய்ந்து கிடந்தது. அவர் அடிவயிற்றைத் தொட்டாள். கல்லாட்டம் இருந்தது.

"யாருங்க பாஸ் ஆனது?"

"எம்பொண்ணு, அம்மணின்னு பேரு. பத்தாவது. ஐந்நூறுக்கு."

"பொண்ணு பாஸு. நீங்கதான் ஃபெயிலாயிட்டுப் படுத்துக்கினு இருக்கீங்க."

விஷயம் தெரிந்ததும் சவுரியம்மாள் சார்ட்டோடு திரும்ப ஓடிவந்தாள். "டாக்டர் கிட்ட சொல்லி டியூப் போட்டுடலாமா, ஆயா?"

"அவர்கிட்ட சொல்லு. அவர் வர்றதுக்குள்ள நான் ஒருவாட்டி பாக்கறேன்."

செண்பகம் துரைக்கண்ணுவின் காலில் உணர்ச்சி வந்துவிட்டதா என்று கிள்ளிப் பார்த்தாள். கட்டில் ஓரமாக உட்காரவைத்து, வெந்நீரில் பிழிந்த துணியை அடிவயிற்றில் வைத்தாள். ஜாடியைக் கையில் கொடுத்தாள். மூலையிலிருந்த குழாயைத் திறந்துவிட்டாள். "பொம்பளைங்க சுத்தி நின்னு பாத்துக்கினு இருந்தா எப்படிப் போகும்?" என்று அவர் மனைவி கெங்கம்மாளை வெளியே தள்ளிக்கொண்டு போய், தட்டிக்கு இந்தப்பக்கம் முதுகைக் காட்டி நின்றாள்.

கொஞ்ச நேரம் குழாய்ச் சத்தம்தான். அப்புறம் இரண்டு சத்தம்.

செண்பகம் ஜாடியைத் தூக்கிப் பார்த்தாள். "அறுநூறு மில்லி" என்றாள்.

"பொண்ணவிட ஜாஸ்தி வாங்கிட்டாரு" என்றாள் கெங்கம்மாள்.

மறுநாள் காலை சவுரியம்மாள் சார்ட்டில் நானூத்திப் பன்னண்டை அடித்துவிட்டு, கட்டில் கட்டிலாகப் போய், கை ஒடிந்து வந்தவரைக்கூட விடாமல், "ஒண்ணுக்குப் போனீங்களா?" என்று பச்சையாகக் கேட்டாள். கேட்டுவிட்டுக் குனிந்து ஜாடியையும் பார்த்தாள்.