மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டவர்

ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் வேலை பார்த்த பள்ளியிலிருந்து மாணவிகளை ஷாங்காய்க்குச் சுற்றுலா அழைத்துப் போயிருந்தோம். ஒன்பதாம் வகுப்பு திவ்யா கேமராவை ஹோட்டலிலேயே வைத்துவிட்டதால், மற்றவர்களைச் சக ஆசிரியைகளுடன் மியூசியத்தில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் அதை எடுக்கக் கிளம்பினோம். மெட்ரோவில் அவள் முதலில் ஏறினாள். நான் ஏறுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

தாம்பரத்தில் ஓடும் ரயிலிலேயே தாவி ஏறிப் பழகியவள் நான். அடுத்த ரயில் வந்ததும் பாய்ந்தேன். ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது.

பிளாட்பாரத்தில் வேலை பார்க்கும் பெண் ஊழியர் அவர். ஐம்பது வயதிருக்கும், குட்டையான உருவம், கழுத்தில் விசில். ஒவ்வொரு வார்த்தைக்கும் காலால் தரையைத் தட்டிப் பேசினார்.

"விடுங்கம்மா! என் பொண்ணு தனியா போயிட்டா!" என்று தமிழிலேயே கத்தினேன்.

அவர் சீன மொழியில் பதிலுக்குக் கத்தி, நான் நின்ற இடத்தையே மறுபடி மறுபடி தட்டிக் காட்டினார். அந்த ரயிலும் போனது. வாய்விட்டு அழுதேன். பிடி தளரவில்லை.

சற்று நேரத்தில் எதிர்ப்பக்க ரயிலிலிருந்து திவ்யா ஓடி வந்தாள். "அடுத்த ஸ்டேஷன்லயே இறங்கித் திரும்பிட்டேன், மிஸ். நீங்க இங்கதான் இருப்பீங்கன்னு தெரியும்."

அப்போதுதான் என் மணிக்கட்டிலிருந்த பிடி விலகியது. அந்த அம்மா அவளைப் பிடித்து நிறுத்தி, தரையைத் தட்டித் தட்டித் திட்டித் தீர்த்தார். திவ்யா தலைகுனிந்து, "சாரி மேடம்" என்றாள்.

வெளியே வந்ததும், "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா, மிஸ்?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.