ஒற்றை எஞ்சின்

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து போர்டுக்கு நான் ஏழு வருஷம் தலைவராக இருந்தேன். அந்த ஏழு வருஷத்தில் நான் செய்ததாக ஊரார் இன்றைக்கும் சொல்வது குழாய்த் தண்ணீர். செய்யாமல் விட்டதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு வயதாகிவிட்டது. நானே பேசிவிடுகிறேன்.

ஊர் தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டுக் கிணறுகளெல்லாம் உப்பு. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் ஒரே ஒரு படிக்கிணறுதான். ஜனங்கள் படியில் இறங்கி, முழங்கால் வரை நனைந்துகொண்டு குடத்தை முக்குவார்கள். அதனால் பாதிப் பேர் காலில் நரம்புச்சிலந்தி. புண்ணிலிருந்து வெள்ளை நூல் மாதிரி எட்டிப் பார்க்கும் அந்தப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, நாள் கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கே இரண்டு தடவை வந்திருக்கிறது. அதனால் ஆற்றோரம் புதுக்கிணறு வெட்டி, அதன் வாயைக் காங்கிரீட் போட்டு மூடி, ஆயில் எஞ்சின் வைத்துத் தெருவுக்குத் தெரு குழாய் போட்டதில் எனக்கு இன்றும் பெருமைதான். படிக்கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் கதவு போட்டுப் பூட்டினேன். அங்கே தண்ணீர் எடுப்பவருக்கு அபராதம் என்று தண்டோரா போடச் செய்தேன். இரண்டு பேருக்குப் போட்டும் காட்டினேன். அதன் பிறகு ஒருத்தரும் அந்தப் பக்கம் போகவில்லை. சாவி என் மேஜை டிராயரில் இருந்தது.

எஞ்சின் டிரைவர் கடமலைக்குண்டுக்காரர். ரைஸ் மில்லில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முதல் வருஷமே வந்து சொன்னார்.

"ஒத்த எஞ்சின நம்பி ஊர வச்சிருக்கோம்ங்கய்யா. இன்னொன்னு வாங்கிப் போடுங்க. அது சும்மா நிக்கட்டும். சும்மா நின்னாலே நல்லதுதான்."

அவர் புதிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. திட்டத்திலேயே இரண்டு எஞ்சின் என்றுதான் போட்டிருந்தது. இரண்டாவதற்கு வைத்திருந்த பணத்தை எடுத்து நான் இன்னும் மூன்று தெருவுக்குக் குழாய் நீட்டினேன். தேர்தல் வந்துகொண்டிருந்தது. குழாய்க்கு ஓட்டு உண்டு. ஷெட்டுக்குள் சும்மா நிற்கிற எஞ்சினுக்கு எவன் ஓட்டுப் போடுவான்? போர்டில் எல்லோரும் கை தூக்கினார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் யோசனை என்னுடையது.

பிறகு யுத்தம் வந்தது. மதுரைக்குப் போகிற தண்டவாளத்தையே யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று பெயர்த்துக்கொண்டு போனார்கள். பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடும் பஸ் ஒன்றுதான் மிச்சம், அதுவும் ஏற்றத்தில் ஆளை இறக்கித் தள்ளச் சொல்லும். இந்த நிலைமையில் எஞ்சினுக்கு ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் மாதக்கணக்காகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன்.

அந்தச் சித்திரையில் ஒரு நாள் டிரைவர் ஆபீசுக்கு வந்து, "சத்தம் மாறிப்போச்சுங்கய்யா" என்றார். அவரோடு போய்க் கேட்டேன். எனக்கு எப்போதும் போலத்தான் கேட்டது. நான் அப்படிச் சொன்னதும் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைத்துணியால் எஞ்சினைத் துடைக்கத் தொடங்கினார்.

ஆற்றங்கரை அம்மன் திருவிழாவின் இரண்டாம் நாள் எஞ்சின் நின்றது. உள்ளே சக்கரத்தைச் சுழற்றும் கிராங்க் தண்டு ஒடிந்திருந்தது. அணைத் தண்ணீர் திறந்துவிடாத மாதம், ஆறு குட்டை குட்டையாகக் கிடந்தது. எங்களுக்கு மேற்கே, ஆறு வருகிற பக்கம், அந்தக் குட்டைகளை ஒட்டித்தான் வெளியூர் ஜனம் வண்டி வண்டியாக வந்து மணலில் தங்கியிருந்தது. குளிப்பது, துவைப்பது, மற்றதெல்லாம் அங்கேதான்.

டிரைவர் எண்ணெய்க் கையோடு என் மேஜைக்கு எதிரே நின்றார்.

"கெணத்துச் சாவியக் குடுங்கய்யா. பிளீச்சிங் பொடியக் கரைச்சு ஊத்திருவோம். படியில ஒருத்தரையும் எறங்க விடாம, நானே மேல நின்னு வாளியில எறச்சுத் தாரேன்."

"ரெண்டு நாள்ல எஞ்சின் ஓடிரும்யா. இப்பத் தொறந்துவிட்டா அப்புறம் எவன் கட்டுப்படுவான்?"

நான் சொன்ன காரணம் இது. சொல்லாத காரணம் வேறு. தேர்தலில் என்னிடம் தோற்றவர் ஊர் பூராவும், "எஞ்சின் நின்னா இவரு படிக்கெணத்துலதான் வந்து விழணும்" என்று பேசியிருந்தார். கதவைத் திறந்தால் அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இரண்டு நாள் ஒன்பது நாளாயிற்று. மதுரைப் பட்டறையில் அந்தச் சாமான் இல்லை, கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும் என்றார்கள். தினமும் சாயங்காலம் நான் பஸ்ஸுக்குப் போய் நிற்பேன். பஸ் வரும், ஆள் இறங்கும், மூட்டை இறங்கும், என் சாமான் மட்டும் வராது. குழாயடியில் பெண்கள் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நான் கடந்து போகும்போது பேச்சை நிறுத்துவார்கள். மூன்றாம் நாள் அந்தக் குடங்கள் ஆற்றுக்குப் போயின. ஆற்றுப் பக்கம் போகாதே என்று நான் தண்டோரா போடவில்லை. போட்டால் வேறெங்கே போவது என்று கேட்பார்களே. என் வீட்டுக்கு மட்டும், ஊருக்குத் தள்ளி இருந்த என் தோட்டத்து நல்லதண்ணீர்க் கிணற்றிலிருந்து வண்டியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆறாம் நாள் வண்டிப்பேட்டையில் ஒருத்தர் வாந்திபேதியில் போனார். அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு தெருவில் சங்கு ஊதினார்கள். மறுநாள் சங்கு நிற்கவேயில்லை. ஆபீசில் உட்கார்ந்து, அது எந்தத் தெரு என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கப் பழகிவிட்டேன். எட்டாம் நாள் டிரைவர் வந்தார். சாவி கேட்கவில்லை. டிராயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். அப்போதாவது திறந்திருக்கலாம். ஆனால் எட்டாம் நாள் திறந்தால், முதல் நாளே ஏன் திறக்கவில்லை என்று ஊர் கேட்கும். எனக்குப் பயம் வந்துவிட்டது, காலராவுக்கு அல்ல.

ஒன்பதாம் நாள் சாமான் வந்தது. விடிவதற்குள் குழாயில் தண்ணீர் வந்தது. சங்குச் சத்தம் அடங்க மேலும் பத்து நாளாயிற்று.

ஊர் என்னைக் கிழித்துவிடும் என்று காத்திருந்தேன். பெரியவர்கள் நான்கைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். "திருவிழாவுல ஒரு மொளப்பாரி கவுந்துபோச்சு. அதான் ஆத்தா கோவிச்சுக்கிட்டா. நீங்க முன்ன நின்னு ஒரு பொங்கல் வச்சு அவள குளுமையாக்கணும்" என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. பொங்கல் வைத்தோம். எனக்குப் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்தார்கள். தலையில் அந்தத் துணியோடு அம்மன் முகத்தைப் பார்க்க முடியாமல் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு எழுதினார்கள். டிரைவரின் கவனக்குறைவால் எஞ்சின் பழுதானது, எச்சரிக்கையை மீறிப் பொதுஜனங்கள் ஆற்றுநீர் குடித்தார்கள் என்று பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டிரைவருக்குச் சீட்டுக் கிழிந்தது. ஷெட்டுச் சாவியை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, "நல்லா இருங்கய்யா" என்று சொல்லிப் போனார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் நன்றாகத்தான் இருந்தேன்.

நான் அனுப்பிய பதிலில் இருந்த விஷயம் எப்படியோ ஊருக்குள் கசிந்து, உருமாறி, எங்கெங்கோ போயிருக்கிறது. ஆனி மாதம் ஒரு மத்தியானம், பஸ் நிற்கிற இடத்தில் இட்லிக் கடை போட்டிருந்த பெண் ஆபீசுக்கு வந்தாள். அவளுக்கு ஏழு வயதில் ஒரே ஒரு மகள் இருந்தாள், அந்த ஒன்பது நாளில் போனவர்களில் அதுவும் ஒன்று. இவள் நியாயம் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கேட்கட்டும், ஒருத்தியாவது கேட்கட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அவள் வாசற்படியைத் தாண்டவில்லை.

"உத்தரவ மீறித் தண்ணி எடுத்தவுகளுக்கு அபராதம் வருதுன்னு சொன்னாகய்யா."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"நா மீறலங்கய்யா. பூட்டுன கெணத்துப் பக்கமே நா போகல. புள்ள தண்ணி தண்ணின்னு அழுதுச்சு. பக்கத்து வீட்டுல, செவரேறிக் குதிச்சு ஒரு செம்பு மோந்துட்டு வந்துரு, யாரு பாக்கப்போறாகன்னாக. வேணாம், தலைவரு உத்தரவுன்னு சொல்லிட்டு ஆத்துக்குத்தான் போனேன். ஆத்துத் தண்ணியத்தான் குடுத்தேன். அபராதம் போட்ராதீகய்யா."

என் வாயில் எத்தனையோ வந்தது. கிளார்க் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு அபராதம் இல்ல, போ" என்றேன்.

அவள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன்.